வேடிக்கை பார்க்கப் பழகுங்கள்: கொங்கு நாட்டில் மனிதர்களைக் கவனிக்க ஒரு வழிகாட்டி

இரண்டு பேர் சேர்ந்து பேக்கரிக்கு டீ குடிக்க வருகிறார்கள். குடித்து முடித்ததும் யாருடைய கை முதலில் சட்டைப் பைக்குப் போகிறது என்று பாருங்கள். போன கை பணத்தோடு வெளியே வருகிறதா, இல்லை "இருங்க, நான் தர்றனுங்க" என்ற பேச்சோடு பைக்குள்ளேயே தங்கிவிடுகிறதா என்றும் பாருங்கள். மறுநாள் அதே கடைக்குப் போங்கள். வேறு இரண்டு பேர், வேறு சட்டை. கை மட்டும் அதையேதான் செய்யும். முன்பின் தெரியாத ஒருவர், முன்பின் தெரியாத இன்னொருவரைப் போலவே நடந்துகொள்வது கண்ணில் படுகிற அந்த நொடியில் ஒரு சந்தோஷம் வரும். அதற்குப் பழகிவிட்டால் பஸ்ஸுக்குக் காத்திருப்பது, சலூனில் முறைக்கு உட்கார்ந்திருப்பது, ரேஷன் கடை வரிசை எதுவுமே சலிக்காது.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர், நாமக்கல் என்று கொங்கு நாட்டில் எங்கே இருந்தாலும் இதற்கு வேண்டியது ஒரு டீக்கான காசும் அரை மணி நேரமும்தான். வேலைக்காகவோ படிப்புக்காகவோ புதிதாக வந்து இறங்கியவர்களுக்கு இது இன்னும் உதவும். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தராததையெல்லாம் ஊர் தானாகவே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் சும்மா கண்ணை ஓட்டினால் கூட்டம்தான் தெரியும். அதில் இருக்கிற ஒழுங்கு தெரியாது. அதற்குக் கொஞ்சம் முறை வேண்டும். அந்த முறையை ஒரே வரியில் சொல்வதானால், ஆள் யார் என்று துப்பறியாதீர்கள், அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு வரியைக் கடைப்பிடிப்பதற்கான வழிகள்.

முதலில் ஒரு பேக்கரி

தொடங்க வேண்டிய இடம் பேக்கரி. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே பேக்கரி என்பது பிறந்தநாள் கேக் வாங்கிக்கொண்டு போகிற கடை மட்டும் கிடையாது. டீ, காபி, பப்ஸ், தேங்காய் பன், நின்றுகொண்டே சாப்பிட உயரமான மேசை, மூலையில் கசங்கிப் போன அன்றைய பேப்பர், வாசல் நிறைய பைக்குகள். விடிவதற்கு முன் திறந்தால் இரவு வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். நிலம் பேசி முடிப்பது, மாப்பிள்ளை விசாரிப்பது, விசைத்தறிக் கூலி பற்றிப் பேசுவது எல்லாம் அங்கேதான்.

ஒரு கடையைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் ஒரே நேரத்துக்குப் போங்கள். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் எல்லாமே புதிதாகத் தெரியும். எது வழக்கம், எது அன்றைக்கு மட்டும் நடந்தது என்று பிரிக்க முடியாது. கல்லாவும் டீ மாஸ்டரும் ஒரே பார்வையில் படுகிற மூலையில் நில்லுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் நல்லது. கண்டிப்பாக ஏதாவது வாங்குங்கள். வாங்காமல் நிற்கிறவரைக் கடைக்காரர் பார்ப்பார், அவர் பார்க்கிறாரே என்று மற்றவர்களும் பார்ப்பார்கள், அதோடு உங்கள் வேலை முடிந்தது.

முதல் இரண்டு நாளைக்கு இதை மட்டும் பாருங்கள்: யார் வாயைத் திறந்து டீ கேட்கிறார்கள், யார் கேட்பதில்லை? வாடிக்கைக்காரர் பெரும்பாலும் பேச மாட்டார். அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போடும்போதே மாஸ்டர் கிளாஸை எடுத்திருப்பார். சர்க்கரை போடாத டீ யாருக்கு, டபுள் ஸ்ட்ராங் யாருக்கு என்பது மாஸ்டரின் கைக்குத் தெரியும். புதிதாக வந்தவர் கல்லாவில் சொல்லிவிட்டு, மறுபடியும் மாஸ்டரிடம் போய்ச் சொல்வார். இந்த ஒன்றை வைத்தே கடையில் நிற்கிற அத்தனை பேரையும் பழகியவர், பழகாதவர் என்று பிரித்துவிடலாம்.

அப்புறம் பேப்பர். அதை யாரும் முழுதாகக் கையில் எடுப்பதில்லை. நடுத்தாளை உருவி ஒருவர், முதல் பக்கத்தை ஒருவர், விளையாட்டுப் பக்கத்தை ஒருவர் என்று பிரித்துக்கொள்வார்கள். படித்து முடித்தவர் தாளைக் கீழே வைக்கிற விதத்தைப் பாருங்கள்: காத்திருப்பவர் பக்கமாகத் தள்ளி வைப்பார், அவர் முகத்தைப் பார்க்காமலேயே. ஒரு வார்த்தை பேசாமல் நாலு பேருக்குள் ஒரு பேப்பர் சுற்றி வரும்.

இப்போது கல்லாவிலும் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. போனில் பணம் அனுப்பியவர், கல்லாவில் இருக்கிற பேசும் பெட்டி தொகையைச் சொல்லும் வரை நகர மாட்டார். கல்லாக்காரர் தலையைத் தூக்காமல் காதை மட்டும் கொடுப்பார். நெட்வொர்க் இழுத்தடித்து அந்தக் குரல் வரத் தாமதமானால் வாடிக்கையாளர் போன் திரையைத் திருப்பிக் காட்டுவார். கல்லாக்காரர் அதைச் சரியாகப் பார்க்காமலேயே "பரவால்லீங்க, போங்க" என்பார். கொடுத்ததை நிரூபிப்பவருக்கும் நம்புகிறவருக்கும் நடுவே நடக்கிற இந்தச் சின்ன மரியாதையை நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுப்பதில்லை.

முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் இரண்டு தொந்தரவு. ஒன்று, நாம் பார்ப்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டு, முகத்தை மனிதர்கள் பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். கையை யாரும் அப்படி வைத்துக்கொள்வதில்லை. கை என்பது செய்து பழகிய வேலையின் பதிவு.

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன், டீ சர்ட் குவித்து விற்கிற கடைகளில் இதை அழகாகப் பார்க்கலாம். வெளியூரிலிருந்து வந்தவர் டீ சர்ட்டை விரித்து, தன் நெஞ்சில் வைத்து அளவு பார்ப்பார். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர் முதலில் அதைத் திருப்பிப் போடுவார், உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி. தோள் தையலைப் பார்ப்பார், கழுத்து ரிப்பை இரண்டு விரலால் இழுத்துவிட்டுத் திரும்பிப் போகிறதா என்று பார்ப்பார், துணியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து எடையைக் கணிப்பார். கலரைப் பார்ப்பது கடைசியில்தான். செக்கிங்கில் உட்காருகிற பெண் என்றால் கண்ணுக்கு முன் நூல் பிசிறுதான் தெரியும்; பேசிக்கொண்டே நகத்தால் அதைக் கிள்ளிவிடுவார், வாங்கப் போவதில்லை என்றாலும் கூட.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் வியாபாரி விரலி மஞ்சளை எடுத்து ஒடித்து, உள்ளே நிறம் எப்படி என்று பார்ப்பார். பக்கத்தில் நிற்கிற விவசாயியின் கண் அந்த ஒடிந்த முனையில் இருக்காது, வியாபாரியின் முகத்தில் இருக்கும். பொள்ளாச்சியில் தேங்காய் எடுக்கிறவர் காதருகே கொண்டுபோய்த் தட்டிப் பார்ப்பார். தொழில் எதுவானாலும் ஒரு கை இருக்கிறது. ஒரு ஊரின் தொழிலைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அந்த ஊர்க் கடைகளில் பொருளை எப்படித் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

குறிப்பு எழுதுவது எப்படி

சின்ன நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் எழுதலாம், ஆனால் போனை உயர்த்திப் பிடிக்காதீர்கள், படம் எடுப்பதாக நினைப்பார்கள். நாள், நேரம், இடம், செய்கை இந்த நான்கும் போதும்.

"பணக்காரர் ஒருவர் வந்து அலட்டலாக நின்றார்" என்று எழுதினால் அதில் உங்கள் எண்ணம்தான் இருக்கிறது, அவர் இல்லை. "வெள்ளை வேட்டி, 50 வயது இருக்கலாம். கார் சாவியை மேசையில் வைத்தார், அதன்மேல் போனைக் கவிழ்த்து வைத்தார். டீ வந்ததும் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் முதல் கிளாஸைக் கொடுத்தார்" என்று எழுதினால், ஒரு மாதம் கழித்துப் படித்தாலும் அதில் ஏதாவது கிடைக்கும். முதல் கிளாஸைப் பெரியவருக்குக் கொடுத்தது அலட்டலோடு ஒத்துப்போகவில்லையே என்று அப்போது தோன்றும். அடைமொழி எழுதியவுடன் பார்ப்பது நின்றுவிடுகிறது. அதனால்தான் இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பேச்சையும் குறித்துக்கொள்ளலாம், ஆனால் சேதியை விட்டுவிட்டுத் தோரணையை மட்டும். இங்கே சின்னப் பிள்ளையிடம்கூட "வாங்க கண்ணு, உட்காருங்க அம்மிணி" என்பார்கள். கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போடுகிறவரும் "என்னுங்க நீங்க இப்படிப் பேசறீங்" என்றுதான் சண்டை போடுவார். ஒரு வாக்குவாதத்தில் அந்த "ங்க" எந்த இடத்தில் விழுந்துபோகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். அதற்கு அடுத்த நிமிடம் சுற்றி நிற்கிறவர்களில் ஒருவர் உள்ளே புகுந்து சமாதானம் பேசுவார். அவர் பெரும்பாலும் அதுவரை ஒன்றுமே பேசாமல் நின்றவராக இருப்பார்.

பஸ்

பஸ் இரண்டாவது பள்ளிக்கூடம். கோயமுத்தூர் காந்திபுரத்தில் டவுன் பஸ் நிலையம் ஒருபுறம், வெளியூர் பஸ்கள் நிற்கிற நிலையம் ஒருபுறம். பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் உக்கடம் போக வேண்டும். எதில் வேண்டுமானாலும் தொடங்குங்கள்.

காலி பஸ்ஸில் ஏறி ஆண்கள் பக்கம் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். முதலில் எல்லா ஜன்னலோரமும் ஒவ்வொருவராக நிரம்பும். இரண்டு பேர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவர் பக்கத்தில் யாரும் உடனே உட்கார மாட்டார்கள். வேறு காலி சீட்டே இல்லை என்றான பிறகுதான். அப்போதும் எல்லோரையும் தாண்டிப் போய் ஒரு குறிப்பிட்ட ஆள் பக்கத்தில் உட்காருவார்கள். எந்த ஆள் என்று பாருங்கள்: பை மடியில் இருக்கிறவர், சீட்டில் பையை வைக்காதவர். கூட்ட பஸ் என்றால் கதையே வேறு. ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, சாப்பாட்டுப் பை எது விழுந்தாலும் அது இடம் பிடித்ததாகத்தான் கணக்கு. முன்பின் தெரியாதவர் போட்ட கைக்குட்டையை எடுத்துப் போட்டுவிட்டு உட்காருகிறவர் மிக அரிது.

2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு நிறுத்தங்களில் புதிதாக ஒரு நிற்பு வந்திருக்கிறது. தனியார் பஸ் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும், கண்டக்டர் கையைத் தட்டிக் கூப்பிடுவார்; கூடை வைத்திருக்கிற வயதான அம்மாக்கள் அசைய மாட்டார்கள். அரசு பஸ்ஸின் முகம் வளைவில் தெரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடையைத் தூக்குவார்கள். கல்லூரிப் பெண்கள் மட்டும் மணியைப் பார்த்துக்கொண்டு இரண்டில் எது என்று யோசிப்பார்கள். ஒரு அரசாணை எப்படி உடம்பின் அசைவாக மாறுகிறது என்பதை இப்படி நேரில் பார்ப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கண்டக்டரைத் தனியாக ஒரு நாள் பாருங்கள். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்குகளில் செருகியிருப்பது, இடுப்பைக் கம்பியில் சாய்த்து இரண்டு கையையும் விடுவித்துக்கொள்வது, நிறுத்த ஒரு விசில், கிளம்ப இரண்டு விசில்.

வழி கேட்பவர்களும் பஸ் நிலையத்தில் தவற விடக்கூடாதவர்கள். போர்டைப் படிக்கத் தெரிந்தவரும் ஒரு ஆளிடம் கேட்பார். "அவினாசி போகுங்களா?" என்று முதல் ஆளிடம் கேட்டு, பதில் வாங்கி, நாலு எட்டு நடந்து இரண்டாம் ஆளிடமும் அதையே கேட்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏறுவார்.

திருப்பூரில் ஒரு சனிக்கிழமை

நேரத்தை மாற்றிப் பார்த்தால்தான் ஊரின் சுழற்சி பிடிபடும். அதற்குத் திருப்பூரைப் போல் வசதியான ஊர் இல்லை. பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். காலை எட்டு மணிக்கு ஊரே வேகமாக நடக்கும். டிபன் பை ஒரு கையில், பார்வை நேராக, யாரும் கடை வாசலில் நிற்பதில்லை. அதே ஆட்கள் சனிக்கிழமை இரவு அதே தெருவில் பாதி வேகத்தில் நடப்பார்கள். கையில் பைகள் கூடியிருக்கும், குழந்தை கூட இருக்கும், ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துப் பக்கம் போனால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்கிற இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். வீடியோ காலில் பேசும்போது முதலில் தன் முகத்தைக் காட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் போனைத் திருப்பித் தெருவைக் காட்டுவார்கள்: கடை, பஸ், புதிதாக வாங்கிய செருப்பு. மெதுவாகச் சுற்றிக் காட்டுவார்கள், அந்தப் பக்கம் இருக்கிறவருக்குச் சரியாகத் தெரிய வேண்டுமே என்ற அக்கறையோடு. துபாய்க்குப் போன நம் ஊர்ப் பையன்களும் அம்மாவுக்கு இப்படித்தான் காட்டுகிறார்கள். "வடக்கன்" என்ற ஒரு சொல்லோடு அவர்களைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இது ஒரு நாளும் கண்ணில் படாது.

மாட்டுச் சந்தை: முடிந்தால் இதைத் தவற விடாதீர்கள்

பேக்கரியும் பஸ்ஸும் பழகிய பிறகு சந்தைக்குப் போங்கள். பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை, கேரள வியாபாரிகள் நிறைய வருவார்கள். ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை. காங்கேயம் பக்கம் பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை, அங்கே காங்கேயம் இன மாடுகளே பிரதானம். எதற்குப் போனாலும் விடிகாலையில் போய்விட வேண்டும்.

சந்தையில் விலை பேசுவது வாயால் கிடையாது. தரகர் விற்பவரின் கையைப் பிடிப்பார், மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்குள் விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்த இருவருக்கும் முன்பே தெரியும். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் விலை தெரியாது. இந்த மாடு இவ்வளவுக்குப் போனது என்று தெரிந்துவிட்டால் பக்கத்து மாட்டின் விலை அதனால் ஏறும் அல்லது இறங்கும். அதனால்தான் இந்த மறைப்பு.

கை மறைந்துவிட்டதால் இங்கே மட்டும் முகத்துக்கும் தோளுக்கும் திரும்ப வேண்டியிருக்கிறது. கவனித்துப் பாருங்கள்: கையைப் பிடித்திருக்கிற இருவரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள். தரகர் தூரத்தில் வேறு எதையோ பார்ப்பார். விற்பவர் தன் மாட்டைப் பார்ப்பார். விலை பிடிக்கவில்லை என்றால் முழங்கை முதலில் பின்னால் போகும், அப்புறம்தான் கை துண்டிலிருந்து வெளியே வரும். தரகர் விடாமல் மறுபடியும் இழுத்துப் பிடிப்பார். மூன்றாவது இழுப்பில் விற்பவரின் தோள் தளர்ந்தால் விலை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வாங்குகிறவர் இதற்கெல்லாம் நாலு அடி தள்ளி, சம்பந்தமே இல்லாதவர் போல நிற்பார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் சந்தையில் நல்ல பயிற்சி. இத்தனை சத்தத்திலும் வேறு எந்த மாட்டையும் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறாரே, அவர்தான்.

அதற்கு முன்னால் நடக்கிற சோதனையும் ஒரே வரிசையில்தான் நடக்கும். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைச் சொல்வார்கள், சுழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள், முதுகில் உள்ளங்கையை ஓட்டுவார்கள், கொஞ்ச தூரம் நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். வெறுமனே பார்க்க வந்தவர் முதுகில் தட்டிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வார். பல்லைப் பார்த்தவர் வாங்குகிற எண்ணத்தோடு வந்தவர்.

விலை முடிந்தபின் பல விவசாயிகள் மாட்டைத்தான் கொடுப்பார்கள், கயிற்றை அவிழ்த்துத் தங்களோடு வைத்துக்கொள்வார்கள். வாங்கியவர் புதுக்கயிறு போடுவார். பணத்தை எண்ணும்போது பேச்சு சரளமாக இருக்கும். கயிற்றை அவிழ்க்கிற இடத்தில் யாரும் பேசுவதில்லை. அந்த நேரத்தில் நீங்களும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

தோன்றியதை எண்ணிப் பாருங்கள்

ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டுவிட்டால் அது உண்மையா, நமக்குப் பிடித்திருக்கிறதால் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். "டீயின் கடைசி வாயைக் குடிக்காமல் கீழே ஊற்றிவிட்டுத்தான் கிளாஸை வைக்கிறார்கள்" என்று தோன்றுகிறதா? அடுத்து வருகிற 20 பேரை எண்ணுங்கள். ஊற்றுகிறவருக்கு ஒரு கோடு, ஊற்றாதவருக்கு ஒரு கோடு. எண்ணுவதற்கு முன்பே எத்தனை வரும் என்று ஊகத்தையும் எழுதி வையுங்கள். ஊகம் பொய்த்துப் போனால் அன்றைக்குத்தான் வேடிக்கை சூடு பிடிக்கும்: ஊற்றாதவர்கள் யார், அவர்கள் பேப்பர் கப்பில் குடிக்கிறவர்களா, உட்கார்ந்து குடிக்கிறவர்களா?

இதையே பெரிய ஆய்வாளர்களும் செய்திருக்கிறார்கள். 1968இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவரது சகாக்களும் நியூயார்க்கில் நெரிசலான 42ஆம் தெருவில் ஆட்களை நிறுத்தி, எதிரே ஒரு கட்டடத்தின் ஆறாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் நின்று பார்த்தபோது வழிப்போக்கர்களில் 4 சதவீதம் பேர்தான் நின்றார்கள். 15 பேர் நின்று பார்த்தபோது 40 சதவீதம் பேர் நின்றார்கள். நம் ஊரில் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் நாலு பேர் எட்டிப் பார்த்தால் எத்தனை வண்டி நிற்கிறது என்று நீங்கள் எண்ணலாம்.

வில்லியம் எச். ஒயிட் என்பவர் 1970களில் அதே நகரத்தின் சதுக்கங்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். தெரிந்தவர்கள் வழியில் சந்தித்தால் ஓரமாக ஒதுங்கிப் பேசுவார்கள் என்று அவரது குழுவினர் எதிர்பார்த்திருக்கிறார்கள். அப்படி நடக்கவில்லை, கூட்டம் அதிகமாக ஓடுகிற நடுவழியிலேயே நின்று பேசினார்கள். கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதியில் தீபாவளிக்கு முந்தின வாரம் போய்ப் பாருங்கள், கண்முன்னே நடக்கும். இங்கே அது இரண்டு சக்கரத்திலும் உண்டு: எதிரெதிரே வந்த இரண்டு பைக் நடு ரோட்டில் இணையாக நிற்கும், எஞ்சின் ஓடும், சித்த நேரம் நாயம் (பேச்சு) நடக்கும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்காமல் சுற்றிக்கொண்டு போவார்.

மில்கிராம் 1972இல் எழுதிய இன்னொரு விஷயமும் நமக்கு வேண்டியது. தினமும் ஒரே நிறுத்தத்தில் பார்க்கிற, ஒருநாளும் பேசாத முகங்கள் பற்றியது அது. அப்படிப்பட்ட இருவர் தங்கள் வழக்கமான இடத்தைவிட்டு எவ்வளவு தூரத்தில் சந்திக்கிறார்களோ அவ்வளவுக்குப் பேசிவிடுகிற வாய்ப்பு கூடுகிறது. சிங்காநல்லூர் நிறுத்தத்தில் வருடக்கணக்காகத் தலையைக்கூட அசைக்காத இருவர் பழனி மலைப் படியில் எதிர்ப்பட்டால் "அட, நீங்களுங்களா!" என்று நின்றுவிடுவார்கள். கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இதற்கு நேர்மாறானதைப் பார்க்கலாம். எதிரெதிர்த் திசையில் சுற்றுகிறவர்கள் முதல் சுற்றில் வணக்கம் சொல்வார்கள், இரண்டாம் சுற்றில் ஒரு தலையசைப்பு, மூன்றாம் சுற்றில் இருவருக்கும் அவசரமாக மரத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

எதைச் செய்யக் கூடாது

படம் எடுக்காதீர்கள். யாரையும் பின்தொடராதீர்கள், ஒரு தெரு தூரம்கூட. ஒரே ஆளை இரண்டாவது முறை உற்றுப் பார்க்க நேர்ந்தால் வேறு பக்கம் திரும்புங்கள். ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதா 78ஆம் பிரிவின்படி குற்றம். இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், பார்க்கப்படுகிறவருக்கு உறுத்தினாலே அது வேடிக்கை கிடையாது, தொந்தரவு. ஆண்கள் இதை இரண்டு மடங்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனை, கோர்ட் வளாகம், துக்க வீடு இந்த மூன்றிலும் நோட்டை எடுக்காதீர்கள். பெண்கள் தனியாக அரை மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்க பேரூர், கோனியம்மன் கோயில் பிராகாரங்களும், பெரிய ஜவுளிக் கடைகளின் மாடிப் படிப் பக்கமும், டவுன் பஸ்ஸின் முன்வரிசை சீட்டும் நல்ல இடங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "எந்த ஊருங்க?" என்று தொடங்கி, "அங்க ஆரு வீடு?" என்று போய், கடைசியில் எங்கே முடியும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சாதியை மோப்பம் பிடிப்பதைக் கவனிப்பு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அது கிடைத்தவுடன் மனம் அந்த ஆளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடும். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தாலும் உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

உங்களையும் யாராவது கவனிப்பார்கள். "ஆருக்காகத் தம்பி காத்திருக்கறீங்?" என்று ஒரு பெரியவர் கேட்டால் கதை கட்டாதீர்கள். "சும்மாதானுங்க, வேடிக்கை பார்த்துட்டு இருக்கறனுங்க" என்று உள்ளதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு மாதத்திலும் தெரிந்திருக்காத ஏதாவது ஒன்றைச் சொல்லுவார்.

எந்த மாதம் எங்கே

தையில் பழனிப் பாதயாத்திரை. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகக் காவடிக் கூட்டம் போகும். ஒவ்வொரு குழுவும் யாருடைய நடைக்குத் தகுந்தபடி நடக்கிறது, முன்னால் போகிறவர் எத்தனை தூரத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார் என்று பாருங்கள். சாலையோரம் மோர் கொடுக்கிறவர்கள் இரண்டு கையாலும் நீட்டுவார்கள், வாங்குகிறவர் சின்னப் பையனாக இருந்தாலும்.

காங்கேயம் பக்கம் போகும்போது சிவன்மலைக்கும் ஏறுங்கள். பக்தர் கனவில் வந்ததாகச் சொல்கிற பொருளை, சுவாமியிடம் பூக்கேட்டு உத்தரவான பிறகு கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது இருக்கும். அந்தப் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும். உள்ளே இருப்பது ஒரே பொருள். விவசாயி அதில் மழையைப் பார்ப்பார், வியாபாரி விலையைப் பார்ப்பார், கூட வந்த பிள்ளை பெட்டியின் பூட்டைப் பார்க்கும்.

ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும்போது பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் நிற்கிற விதமே மாறிவிடும். டீ கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள், முந்தானை இடுப்பில் செருகப்படும், மேற்கே பார்த்து வண்டி ஓட்டுகிறவர் தலை குனிந்திருக்கும், பேச நிற்கிறவர்கள் ஏதாவது ஒரு சுவரின் கிழக்குப் பக்கமாகத்தான் நிற்பார்கள்.

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழா. குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் சேர்ந்தே கூடும். குதிரை வாங்க வந்தவர்களைவிட, குதிரை வாங்குகிறவர்களைப் பார்க்க வந்தவர்கள் பல மடங்கு இருப்பார்கள், ஆகையால் நீங்கள் நின்று பார்ப்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஈரோட்டிலிருந்தும் பவானியிலிருந்தும் பஸ் இருக்கிறது. கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே போய்விடுங்கள், தலைக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், குதிரையின் பின்னங்காலுக்கு நேராக மட்டும் நிற்காதீர்கள்.